மணியக்காரர் வீட்டுக் கட்டில்

1. உத்தியோகம்

நான் தலையாரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வேலை இன்னதென்று சொல்லிக்கொடுக்க எங்கள் மணியக்காரர் எடுத்துக்கொண்டது ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்தான்.

"ஆபீசருங்க வந்தா கணக்குக் கட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னால நட. ஏதாச்சும் கேட்டா ஆமாங்கன்னு சொல்லு. தெரியாததக் கேட்டா என்ற மொகத்தப் பாரு. அவ்வளவுதான் உத்தியோகம்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத வரும், படிக்க வரும், பேச மட்டும் வராது. தெரியாத ஆள் எதிரே வந்தால் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நிற்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று மூன்று தரம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூன்று தரமும் தலையாட்டி, மூன்று சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரே வார்த்தையில் சம்பளம் கிடைக்கிறது என்றால் கசக்குமா?

எங்கள் ஊர், எருமப்பட்டிக்குத் தெற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. சோளம், கம்பு, கடலை. மழை பெய்தால் உண்டு. வரி வசூல், பயிர்க் கணக்கு, எல்லைக்கல் தகராறு என்று எருமப்பட்டியிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., சைக்கிளில் வருவார். ஊர் எல்லையில் போய் நின்று அவரை அழைத்து வருவதும், எந்தக் காட்டுக்கு எந்த வழி என்று காட்டுவதும், திரும்பிப் போகும்போது சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. இப்படியே பத்து வருசம் 'ஆமாங்க' என்று ஓட்டினேன்.

2. மனு

அறுபதுகளில் ஒரு புதுத் திட்டம் வந்தது. வயதாகி, உழைக்க முடியாமல், காப்பாற்ற வளர்ந்த மகனும் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் மாதம் இருபது ரூபாய் மணியார்டரில் அனுப்பும் என்றார்கள். தானியமோ துணியோ இல்லை, ரொக்கப் பணம். ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. அரசாங்கம் நம்மிடம் வாங்கித்தான் பார்த்திருக்கிறோம், கொடுத்துப் பார்த்ததில்லை என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

எனக்கு உடனே மாரப்பண்ணன் நினைவுதான் வந்தது. சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகள் அவர் வெட்டியவை. பாறைக்கு வேட்டு வைத்து வைத்து, கல்லும் தூளும் கண்ணில் தெறித்துத் தெறித்து, அறுபத்தைந்து வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மனைவி அத்தாயக்கா களை எடுக்கப் போனால் அன்றைக்கு அடுப்பு எரியும். பார்வையில்லாத மனிதரைத் தனியாக விட்டுத் தூரத்துக் காட்டுக்குப் போக முடியாது என்பதால் கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போகவும் முடியாது. காலம் தப்பிப் பிறந்த ஒரே மகள் பாப்பாத்திக்குப் பதினாலு வயது. நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வீட்டில் சாப்பாடு போட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். தை பிறந்ததும் அனுப்புவதாகப் பேச்சு.

ஒருநாள் கணக்குக் கட்டோடு அந்த வழியாகப் போகும்போது, பாப்பாத்தி அப்பனுக்கு வழி பழக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து வேப்ப மரத்துக்குப் பதினோரு அடி, மரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு எட்டு அடி என்று அவரை எண்ண வைத்து நடத்தினாள். தான் நாமக்கல்லுக்குப் போன பிறகு அவர் தடுமாறக் கூடாதாம். இருபத்தைந்து முழக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கின மனிதர், மகள் சொன்னபடி "ஒம்போது, பத்து" என்று எண்ணிக்கொண்டு நடந்தார்.

நான் வீட்டுக்குப் போய் அவர் பேரில் மனு எழுதினேன். பேசத்தானே வராது, எழுத வருமே. மாரப்பண்ணன் கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார்.

3. விசாரணை

மனு போன இரண்டாம் மாதம் ஆர்.ஐ. விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அப்போதிருந்த ஆர்.ஐ. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். யாரிடமும் கை நீட்டாதவர்.

அன்று காலையில் எங்கள் ஊர் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாரப்பன் வீட்டுக்கு ஆபீசர் வருகிறார், உட்கார ஒரு பலகைகூட இல்லையே, ஊருக்குத்தானே தலைக்குனிவு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. தெற்கு வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பும் தம்ளரும் வந்தன. மணியக்காரர் மருமகள் தன் கண்டாங்கிச் சேலையை அத்தாயக்காவுக்குக் கட்டிவிட்டாள். மூன்று வீட்டில் அரிசி வாங்கினார்கள். மணியக்காரர் தன் கயிற்றுக் கட்டிலைக் கொடுத்தனுப்பினார். அதைத் தலையில் சுமந்துகொண்டு போய் அந்தக் குடிசைக்குள் போட்டவன் நான்தான். ஒரு பொட்டுக்கூட எனக்கு உறைக்கவில்லை. ஊர் சேர்ந்து ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அத்தாயக்கா தன் பங்குக்கு வீட்டிலிருந்த ஒரே கோழியை அறுத்துவிட்டார். செவலைப் பெட்டை. அதன் முட்டையை விற்றுத்தான் அந்த வீட்டுக்கு உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம்.

ஆர்.ஐ. வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். முதல் கேள்வி, நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி.

"சாப்பிட்டாச்சா பெரியவரே?"

"ஆச்சுங்க சாமி. நெல்லுச்சோறுங்க," என்றார் மாரப்பண்ணன். முந்தின நாள் மத்தியானம் குடித்த கம்மங்கூழுக்குப் பிறகு அவர் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. அரிசி அடுப்பில் வெந்துகொண்டுதான் இருந்தது, அதுவும் ஆபீசருக்கு.

"உங்கள யாரு பாத்துக்கறாங்க?"

"எனக்கென்னங்க சாமி கொற? ஊரே பாத்துக்குது."

"கஷ்டம் ஏதாவது?"

"கண்ணு ஒண்ணுதானுங்க தெரியாது. மத்ததெல்லாம் சௌரியமுங்க."

ஆர்.ஐ. சாப்பாடு வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் குழம்பு வாசம் வந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். பின்னால் கட்டுத் தூக்கி நின்ற எனக்கு அவர் தோளுக்கு மேலே எழுத்து தெரிந்தது. 'கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், அரிசி உணவு, கோழி உண்டு. மனுதாரர் வசதியாக உள்ளார். ஆதரவற்றவர் என்று கருத இடமில்லை. சிபாரிசு செய்யவில்லை.'

எழுதி முடித்து என்னைப் பார்த்தார். "நல்ல குடும்பம், இல்லப்பா?"

"ஆமாங்க," என்றேன்.

4. மூன்று நடை

அந்த எழுத்தைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும். மாரப்பண்ணன் வீட்டிலோ பணம் வந்துவிட்ட மாதிரியே இருந்தார்கள். மறுநாள் கட்டிலைத் திரும்பத் தூக்கிப் போக நான் போனபோது, அத்தாயக்கா சொம்பைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆபீசரு ரெண்டாந்தரம் கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்புட்டாருங்க சாமி. மனசு குளுந்துதான் போனாரு. நாமக்கல்லுக்குப் புள்ளய அனுப்பலைன்னு நாளைக்கே ஆள் உட்டுச் சொல்லப் போறேன்," என்றார்.

நான் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்கு நடந்தேன். போகும்போது கனக்காத கட்டில் வரும்போது கனத்தது.

ரிப்போர்ட்டுகள் எல்லாம் மாதக் கடைசியில் ஒரே கட்டாக நாமக்கல் தாலுகா ஆபீசுக்குப் போகும். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மேலே தாசில்தாருக்கு மனு எழுதினால் ஆர்.ஐ. மேல் குறை சொன்னதாக ஆகிவிடும். நேரில் சொல்வதுதான் முறை. நேரில் சொல்வதுதான் எனக்கு வராது.

எருமப்பட்டிக்கு நடந்தேன். ஆர்.ஐ. "என்னப்பா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, இந்தப் பக்கமா வந்தேன்," என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடி போனேன். இந்தத் தரம் வழி முழுவதும் சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்த எருமைக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆபீசில் நாலைந்து பேர் இருந்தார்கள். "என்னப்பா மறுபடியும்?" என்றார் ஆர்.ஐ. "ஒண்ணுமில்லீங்க." மறுபடியும் டீ. மூன்றாம் தரம் போனபோது அவரே சிரித்துவிட்டார். "ஏம்பா நல்லுசாமி, எருமப்பட்டி டீ அவ்வளவு பிடிச்சுப் போச்சா?" என்றார். அதற்கும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடலைப் பயிர் பார்வையிட அவரே எங்கள் ஊருக்கு வந்தார். அன்று மணியக்காரர் ஒரு கல்யாணத்துக்கு ராசிபுரம் போயிருந்தார். ஊர் எல்லையில் ஆர்.ஐ.யைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. பேசத்தான் வராது, ஆனால் வழி காட்டுவது என் வேலை. எந்த வழியாகக் கூட்டிப்போனாலும் கேட்க ஆள் இல்லை.

கடலைக் காட்டுக்கு நேர் வழியை விட்டுவிட்டு மாரப்பண்ணன் குடிசை வழியாக அவரைக் கூட்டிப்போனேன்.

குடிசைக் கதவு என்று இருந்தது ஒரு தென்னந்தட்டி. அது திறந்திருந்தது. உள்ளே மாரப்பண்ணன் வெறும் தரையில் கோணிச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அத்தாயக்கா கிழிசல் சேலையில், மண்சட்டியில் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, எங்கேயாவது எதையாவது கடன் கேட்க ஓடப் போகிறவர் போல வாசலுக்கு வந்தார். நான் வழியில் நின்றுகொண்டேன். அது மட்டும்தான் அன்று நான் துணிந்து செய்த காரியம். மற்றதெல்லாம் தானாக வந்தது.

ஆர்.ஐ. உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லுசாமி, அன்னைக்கு ஒரு கட்டில் கெடந்துதே, எங்க?"

"மணியக்காரரு ஊட்டுதுங்க."

"பித்தளைச் சொம்பு?"

"தெக்கால ஊட்டுதுங்க."

"அந்தம்மா கட்டியிருந்த சேலை?"

"மணியக்காரரு மருமவளுதுங்க."

"அரிசி?"

"மூணு ஊட்டுதுங்க."

"கோழி?" என்றார்.

"அது அவங்களுதுங்க," என்றேன். "அது ஒண்ணுதானுங்க அவங்களுது."

பத்து வருசத்தில் நான் ஒரு ஆபீசரிடம் அத்தனை வார்த்தை பேசியதில்லை. பேசி முடித்த பிறகுதான் கால் நடுங்கியது.

"ஏய்யா, அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலீங்க."

மாரப்பண்ணன் உள்ளேயிருந்து, என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து, "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சாமி. ஊடு தேடி வந்த மனுசருகிட்டப் போய்ப் பஞ்சம் பாடறதுங்களா? அப்படிப் பழக்கமில்லீங்க," என்றார்.

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தச் சாக்கின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா, அந்தக் கூழ்ல எனக்கும் ஒரு வாய் கொடுங்க," என்றார். அத்தாயக்கா கூச்சத்தில் நெளிந்துகொண்டே ஒரு சிரட்டையில் ஊற்றி, ஒரு சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கொடுத்தார். குடித்தார். பிறகு பையைத் திறந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுதினார். அதில் ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம். 'முன்பு பார்வையில் கண்ட கட்டில், பாத்திரம், சேலை, அரிசி யாவும் இரவல் என்று கிராமத் தலையாரி வாக்குமூலம்.' அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சர்க்கார் காகிதத்தில் நான் சொன்ன சொல் ஏறியது அதுதான் முதல் தடவை. 'நல்லுசாமி' என்று எழுதவே வியர்த்துவிட்டது.

5. மணியார்டர்

தை மாதத்தில் முதல் மணியார்டர் வந்தது. தபால்காரர் மாரப்பண்ணனின் கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வாங்கிக்கொண்டு, இரண்டு பத்து ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்தார். மாரப்பண்ணன் அவற்றை முகர்ந்து பார்த்தார். கட்டைவிரல் மையை இரண்டு நாள் கழுவவில்லை.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மணியக்காரருக்கு இந்தத் திட்டமே பிடிக்கவில்லை. "பணமாக் கையில குடுத்தா நிக்குமா? கம்பா அளந்து குடுத்திருக்கோணும்," என்றார். அத்தாயக்கா தாழ்ந்த குரலில், ஆனால் தெளிவாகப் பதில் சொன்னார்.

"கம்பு குடுத்தா கம்புதானுங்க திங்கோணும். பணம்னா என்ன வேணும்னு நாங்களே ரோசன பண்ணிக்குவமுங்க."

முதல் சந்தைக்கு அவரும் பாப்பாத்தியும் போனார்கள். காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் வந்தார்கள். வாங்கி வந்தது ஒரு படி உப்பு மட்டும். என்ன ஆச்சு அக்கா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் வெல கேட்டுட்டு வந்தேன் சாமி. மொளகா, வெல்லம், சீலை, ஆட்டுக்குட்டி வரைக்கும் கேட்டேன். இத்தன நாளா கேக்கக் கூச்சமா இருந்துச்சு. கேட்டா வாங்கோணுமில்ல?" என்றார்.

கூச்சத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலை கேட்கவும் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. முன்பெல்லாம் கூலி கிடைத்த அன்று ஒரு படி கம்பு வாங்குவார்கள், எப்போதும் ஏறின விலைக்கு. இப்போது அறுப்புக் காலத்தில் விலை இறங்கியபோது ஒரு மூட்டையாக வாங்கிப் போட்டார்கள். காய்ச்சல் வந்த நாளில் அத்தாயக்கா களை எடுக்கப் போகாமல் வீட்டில் படுத்தார். அது அந்த வீட்டில் புதுசு. இரண்டு பெட்டைக் கோழிகள் வந்தன. பாப்பாத்தி நாமக்கல்லுக்குப் போகவில்லை. அம்மாவோடு களைக்குப் போய்ப் பாதிக் கூலி வாங்கினாள்.

மாரப்பண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. காவிரிக் கரையிலிருந்து வண்டியில் வரும் தேங்காய் நார் ஒரு கட்டு. கயிறு திரிக்கக் கண் எதற்கு என்றார். நாற்பது வருசம் அந்தக் கயிற்றில் தொங்கித்தானே கிணற்றில் இறங்கினேன், எந்தக் கயிறு அறும், எது அறாது என்று என் கைக்குத் தெரியாதா என்றார். முன்பும் தெரிந்துதான் இருந்தது. நார் வாங்க முதல் ஒன்றரை ரூபாய்தான் இல்லாமல் இருந்தது. கிணற்றில் மாடு பூட்டி இறைக்கும் வடக்கயிறு அவர் திரித்தால் இரண்டு வெள்ளாமைக்குத் தாங்கியது. பண்ணையக்காரர்கள் அவர் வாசலுக்கு வந்து காத்து நின்றார்கள். மணியக்காரரும் வந்து நின்றார். கையில் கொடுத்த பணம் நிற்குமா என்று அப்புறம் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

6. அடுத்த வருசம்

வருசம் ஒரு தரம் மறுவிசாரணை உண்டு. அதே ஆர்.ஐ. வந்தார். நான் முந்தின நாளே போய், இந்தத் தரம் யாரிடமும் ஒரு கரண்டிகூட இரவல் வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். "வாங்கலீங்க சாமி. போன வாரம் தெக்கால ஊட்டுக்காரிதான் என்ற சொம்ப வாங்கிட்டுப் போனா. இன்னும் தரல," என்றார் அத்தாயக்கா.

ஆர்.ஐ. மாரப்பண்ணன் திரித்துப் போட்டிருந்த வடத்தைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். கயிற்றில் வருவது நார் வாங்கவும் வெற்றிலைக்கும்தான் காணும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு பழைய கேள்வியைக் கேட்டார்.

"சாப்பிட்டாச்சா பெரியவரே?"

"ஆச்சுங்க சாமி. நெல்லுச்சோறுங்க."

ஆர்.ஐ. பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்பா, நெசமா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். கழுவாத சட்டியின் விளிம்பில் வெள்ளையாய்ப் பருக்கை ஒட்டியிருந்தது. அன்று அமாவாசை. வாசலில் இரண்டு கோழிகளும் அவற்றின் குஞ்சுகளும் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆமாங்க," என்றேன்.

'கண் பார்வை இல்லை. வளர்ந்த மகன் இல்லை. உதவி தொடரலாம்,' என்று எழுதிவிட்டு எழுந்தார். அமாவாசை என்றுகூடப் பார்க்காமல் அத்தாயக்கா கோழியைப் பிடிக்க ஓடினார். ஆர்.ஐ. அவரைவிட வேகமாக ஓடிப் போய்ச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

புதிதாகத் தலையாரி வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உதவிப் பண விசாரணை என்றால் ஆபீசர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். நம் சனம் 'இல்லை' என்று வாய் திறந்து சொல்லாது. அதனால் அவர்களைக் கேட்காதீர்கள். சட்டியைத் திறந்து பாருங்கள். கட்டில், சொம்பு, சேலை ஏதாவது புதிதாகத் தெரிந்தால், யாருடையது என்று கேட்டு அங்கேயே திருப்பி அனுப்புங்கள். நீங்கள் பார்த்ததை ஆபீசரிடம் சொல்லுங்கள், கால் நடுங்கினாலும் பரவாயில்லை. வீட்டில் கோழி இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில் கூடை போட்டுக் கவிழ்த்து வையுங்கள். விசாரணை முடிந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.